காலியாக வைத்த நாற்காலி

முதுமையில் ஒரு துணையைத் தேடிக்கொள்ளும் பெற்றோர். அதனால் முகம் திருப்பிக்கொள்ளும் பிள்ளைகள். காசிமேட்டு வீடுகளில் தாழ்ந்த குரலில் பேசப்படும் இவ்விவகாரம், முக்கால் நூற்றாண்டுக்கு முன் நாடறிய வெடித்து, அதே வடசென்னையின் ஒரு பூங்காவில் மேடையேறியது. அந்தப் பிரிவும் அதன்பின் வந்த கூடுகையும் நமக்குச் சொல்வது என்ன?

விடியுமுன்னரே விளக்கு வெளிச்சத்தில் ஏலம் தொடங்கிவிடுகிற காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில், விசைப்படகுகளிலிருந்து இறக்கிய வஞ்சிரத்தையும் சங்கராவையும் நெத்திலியையும் கூடைக் கணக்கில் ஏலம் எடுத்து, நொறுக்கிய ஐஸைக் கொட்டி மூடி, பொழுது புலர்வதற்குள் தண்டையார்பேட்டைக்கும் பழைய வண்ணாரப்பேட்டைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிற மீன்காரப் பெண்மணிகளை நின்று கவனிக்கிறவர்கள், இந்நகரத்தின் வடகோடியில் எத்தனை குடும்பங்கள் பெண்களின் தலைச்சுமையினால் நிலைத்திருக்கின்றன என்பதை எளிதில் உணர்ந்துகொள்வார்கள். அவர்களுள் ஐம்பதையும் அறுபதையும் கடந்தவர்கள் பலர். கணவனைக் கடலிலோ, கரையில் நோயிலோ, குடியிலோ பறிகொடுத்த பின்பு, தண்டல்காரரிடம் கடன் வாங்கி முதல் போட்டு, நாள்தோறும் வசூலுக்கு வந்து நிற்கிறவருக்குப் பதில் சொல்லி, பிள்ளைகளைப் படிக்கவைத்து, கல்யாணமும் செய்துகொடுத்து, இனித் தமக்கென்று என்ன இருக்கிறது என்ற கேள்வியோடு நிற்பவர்கள் அவர்கள்.

அவர்களுக்கு எதிர்ப்புறத்தில், கடலுக்குப் போகும் தேகபலம் குன்றிப் போனபின் கரையில் வலையைப் பிரித்துப் போட்டுக்கொண்டு பழுது பார்க்கும் முதியவர்கள் இருக்கிறார்கள். மனைவி காலமான பிறகு, ஒற்றை அறையும் சமையல் மூலையுமாக உள்ள மகனுடைய வீட்டில் தமக்கு இடமில்லை என்பதை யாரும் சொல்லாமலே தெரிந்துகொண்டு, பகலெல்லாம் படகடியிலும் இரவில் வாசற்படியிலும் காலத்தைக் கழிக்கிறவர்கள் அவர்கள். இவ்விரு திறத்தாரும் நாள்தோறும் ஒருவரையொருவர் பார்க்கிறவர்களே. ஏலத்தில் பணம் குறைந்தபோது கைமாற்றுக் கொடுத்ததிலோ, கூடையைத் தூக்கிவிட்டதிலோ, கடைவாசலில் ஒரு டீ வாங்கிக் கொடுத்ததிலோ தொடங்குகிற பரிச்சயம், நாளடைவில் சிநேகமாகி, ஒருவர் ஒருநாள் வராவிட்டால் மற்றவர் விசாரித்துக்கொண்டு போகிற வாஞ்சையாக முதிர்வதில் அதிசயம் ஒன்றுமில்லை. அதிசயமெல்லாம் அச்செய்தி வீட்டுக்கு எட்டியவுடன் அங்கே எழுகிற கொந்தளிப்பில்தான் இருக்கிறது.

“இன்னா நைனா, பேரன் பேத்தி எடுத்த வயசுல உனக்கு இன்னாத்துக்குக் கல்யாணம்? நாலு பேரு மூஞ்சில நான் எப்டி முழிக்கிறது?” என்று மகன் கேட்கிறான். “ஏம்மா, நாங்க உனக்குச் சோறு போடலியா?” என்று மகள் அழுகிறாள். ‘சோறு போட நீ இருக்க, பேச எனக்கு யாரு இருக்கா?’ என்று தாய் நினைக்கிறாள். நினைத்ததைச் சொல்லாமல் விழுங்கிவிடுகிறாள். அவ்வாறு விழுங்காமல் சொல்லிவிட்ட வீடுகளில், பேச்சு நின்று, போக்குவரத்து நின்று, ஒரே தெருவில் குடியிருந்துகொண்டு ஒருவர் வீட்டுச் சாவுக்கு மற்றவர் அயலாரைப் போல் வந்துபோகிற நிலைமை ஏற்படுகிறது. முதுமையில் துணை தேடுவது தகுமா என்ற கேள்வியைப் பற்றி நாம் நிரம்பப் பேசியிருக்கிறோம். அதனால் முறிந்த உறவை மீண்டும் கூட்டுவது எப்படி, அதற்கு முதல் அடி எடுத்துவைக்க வேண்டியவர் யார் என்ற கேள்வியைத்தான் போதிய அளவு ஆராயவில்லை.

சோறு உண்டு, பேச்சு இல்லை

2011ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி தமிழ்நாட்டு மக்களில் ஏறக்குறையப் பத்தில் ஒருவர் அறுபது வயதை அடைந்தவர். அந்த விகிதம் அதன்பின் ஏறியிருக்கிறதேயன்றி இறங்கவில்லை. முதியோருள் துணையை இழந்து வாழ்பவர்களில் பெண்களே மிகப் பெரும்பாலோர். அவர்கள் கணவரைவிட இளையவர்களாக மணமாகி, அவரைவிட நீண்டகாலம் வாழ்கிறார்கள் என்பது ஒரு காரணம். மனைவியை இழந்த ஆடவனுக்கு மறுவிவாகத்தை உடனே பேசி முடிக்கிற சமூகம், கணவனை இழந்த பெண்ணுக்கு அதை நினைத்துப் பார்க்கவும் இடம் தராது என்பது மற்றொரு காரணம். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை நம் கரையைச் சூறையாடிய பின்பு நாகப்பட்டினம் பக்கத்து மீனவக் குப்பங்களில் இந்த ஏற்றத்தாழ்வு கண்கூடாகத் தெரிந்தது: மனைவியைப் பறிகொடுத்த ஆடவர் பலர் விரைவிலேயே மறுமணம் செய்துகொண்டார்கள், கணவனைப் பறிகொடுத்த பெண்களுக்கோ அது அரிய பாக்கியமாகவே இருந்தது.

பாரத தேசத்தின் பிற பகுதிகளில் இந்தத் தடையை உடைக்கச் சில மனிதர்கள் முன்வந்திருக்கிறார்கள். 2001 ஜனவரியில் குஜராத்தை உலுக்கிய பூகம்பத்தில் துணையை இழந்தவர்களின் ஏக்கத்தைக் கண்ட அகமதாபாத் நட்டுபாய் படேல், முதியோருக்கு வரன் பார்த்துக் கொடுப்பதையே தமது தொண்டாக மேற்கொண்டு, அவர்கள் கூடிச் சந்திக்கும் கூட்டங்களை ஊர் ஊராக நடத்தலானார். ஐதராபாத்தில் ராஜேசுவரி அம்மையார் 2010இல் ‘தோடு நீடா’ என்ற ஸ்தாபனத்தைத் தொடங்கி அதே பணியைத் தெலுங்கு நாட்டில் நடத்தினார். கேரளத்தில், திருச்சூரை அடுத்த ராமவர்மபுரம் அரசினர் முதியோர் இல்லத்தில், 2019 டிசம்பர் 28 அன்று, அறுபதின் நடுவயதில் இருந்த இருவர் மணம்புரிந்துகொண்டார்கள். மணமகன், மணமகளின் காலஞ்சென்ற கணவரிடம் முன்பு சமையல் வேலையில் உதவியாளராக இருந்தவர். அவர் மறைவுக்குப் பின் அவருடைய மனைவியைக் கவனித்துக்கொள்வதாக வாக்களித்திருந்தவர். அந்த விவாகத்திற்கு மாநில அமைச்சரே வந்திருந்து ஆசி கூறினார். இல்லத்தில் இருந்த மற்ற முதியோர்களே பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் ஆனார்கள்.

இச்செய்திகளைப் படித்து மனம் நெகிழ்கிறவர்கள் தம் சொந்த வீட்டில் அதே நிகழ்ச்சி நேரும்போது மட்டும் ஏன் கல்லாகிவிடுகிறார்கள்? அயலார் வீட்டு முதியவரின் கல்யாணத்தில் நமக்குத் தெரிவது அன்பு ஒன்றே. நம் வீட்டு முதியவரின் கல்யாணத்திலோ மறைந்த தாயின் நினைவும், பிரிக்கப்படாத சொத்தும், என்றோ பட்ட மனக்காயமும் ஒருங்கே எழுந்து நிற்கின்றன. இந்த உண்மையை ஒரு பெரிய சரித்திர நிகழ்ச்சியில் வைத்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகும்.

ராபின்சன் பூங்காவில் பெய்த மழை

காசிமேட்டிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தொலைவில், ராயபுரத்தில், அக்காலத்தில் ராபின்சன் பூங்கா என்று வழங்கி, இப்போது அறிஞர் அண்ணா பூங்கா என்று பெயர் பெற்றிருக்கும் பூங்கா இருக்கிறது. 1949 செப்டம்பரில், கொட்டுகிற மழையையும் பொருட்படுத்தாமல் அங்கே திரண்டிருந்த பெருங்கூட்டத்தின் முன்னிலையில், திராவிட முன்னேற்றக் கழகம் தன் முதல் பொதுக்கூட்டத்தை நடத்திற்று. ஓர் அரசியற் கட்சியின் தோற்றம் என்று நாம் பாடப் புத்தகத்தில் படிக்கிற அந்த நிகழ்ச்சி, அதில் கலந்துகொண்டவர்களுக்கு, தகப்பனைப் பிரிந்துவந்த பிள்ளைகள் தனிக்குடித்தனம் வைத்ததைப் போன்ற துயரம் கலந்த நிகழ்ச்சியாகவே இருந்தது. அந்தப் பிரிவுக்கு உடனடிச் சந்தர்ப்பமாக அமைந்ததோ ஒரு முதியவரின் கல்யாணம்.

அவர்கள் பிரிந்துவந்த கழகத்தின் தலைவரும், 1879 செப்டம்பர் 17ஆம் நாள் பிறந்தவருமான பெரியார் ஈ.வெ.ரா., வைக்கம் போராட்டத்திலும் கள்ளுக்கடை மறியலிலும் தம்மோடு தோளோடு தோள் நின்ற மனைவி நாகம்மையாரை 1933 மே மாதத்தில் இழந்தார். அதன்பின் பதினாறு ஆண்டுகள் ஓயாத சுற்றுப்பயணமும் சிறைவாசமும் நோயுமாகக் கழிந்தன. அக்காலத்தின் பிற்பகுதியில் அவருடைய உணவையும் மருந்தையும் ஓய்வையும் கவனிக்கும் பொறுப்பை மேற்கொண்டு உடனிருந்தவர் வேலூரைச் சேர்ந்த மணியம்மையார். 1949 ஜூலை 9ஆம் நாள், எழுபது வயதை எட்டிக்கொண்டிருந்த பெரியார், தம்மினும் ஏறத்தாழ நாற்பது ஆண்டு இளையவரான மணியம்மையாரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டார். இயக்கத்துக்கும் அதன் சொத்துக்கும் நம்பிக்கையான ஒரு வாரிசைச் சட்டப்படி ஏற்படுத்திக்கொள்வதற்காகவே இந்த ஏற்பாடு என்பது அவர் கூறிய காரணம். அதைக் காதல் என்று அவர்கள் சொல்லிக்கொள்ளவில்லை. நாமும் அப்பெயரை அவர்கள்மேல் ஏற்ற வேண்டியதில்லை. ஆயினும், அதன்பின் இருபத்துநான்கு ஆண்டுகள், சிறுநீர் உபாதையால் குழாயும் கலனுமாகவே மேடைக்கு மேடை பயணம் செய்த ஒரு முதியவரை, நாடு முழுவதும் சுற்றிவர உடல் இடங்கொடுக்கும்படி காத்து வைத்திருந்தது யாருடைய கைகள் என்பதை எண்ணிப்பார்த்தால், முதுமையில் அன்பு எத்தகைய உருவத்தை எடுக்கும் என்பது விளங்கும்.

அதே நேரத்தில், மனம் கசந்து வெளியேறிய இளைய தலைமுறையின் பக்கமும் நியாயம் இல்லாமற் போகவில்லை. பொருந்தா மணத்தைக் கண்டித்து ஊர் ஊராகப் பேசிய தலைவரே இவ்வாறு செய்யலாமா என்று அவர்கள் கேட்டார்கள். தங்கள் உழைப்பால் வளர்ந்த ஸ்தாபனத்தின் எதிர்காலத்தைத் தங்களைக் கலந்துகொள்ளாமல் தீர்மானித்துவிட்டார் என்று வருந்தினார்கள். இவற்றுக்கும் அடியில் இன்னும் பழைய மனத்தாங்கல்கள் கிடந்தன. 1947 ஆகஸ்ட் 15ஐத் துக்க நாள் என்று பெரியார் அறிவித்தபோதே, அது இன்ப நாள் என்று, பின்னர் அவர்களுக்குத் தலைமை தாங்கிய அண்ணாதுரை மாறுபட்டு எழுதியிருந்தார். கழகத்தை நடத்தும் முறையிலும் அவர்களிடையே பேதம் முற்றியிருந்தது. ஆகவே கல்யாணம் அந்தப் பிரிவுக்கு வேர் என்று சொல்வதற்கில்லை. நெடுங்காலமாகச் சொல்லப்படாமல் கிடந்த குறைகளெல்லாம் வெளியே வருவதற்கு அது வாசல் திறந்துவிட்டது.

நம் வீடுகளில் நேர்வதும் இதுவே. தகப்பன் மறுமணம் செய்துகொண்டான் என்பதற்காகப் பேச்சை நிறுத்திய மகனிடம் அருகிலிருந்து பொறுமையாகக் கேட்டால், தம்பிக்கு வலை வாங்கிக் கொடுத்துத் தனக்கு வாங்கிக் கொடுக்காததும், தாய் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தகப்பன் குடித்துவிட்டு வந்ததும், தன் மனைவியை ஒரு விசேஷத்தில் பலர் முன்னிலையில் கடிந்து பேசியதும் ஒவ்வொன்றாக வெளிவரும். புதிதாக வந்த பெண்மணி அவற்றில் ஒன்றுக்கும் பொறுப்பாளி அல்லள். ஆனால் எல்லாக் கோபமும் அவள் தலையில் வந்து விடிகிறது.

வென்றவர் போன பயணம்

ராபின்சன் பூங்காவில் கூடியவர்கள் பிரிந்தார்களேயன்றி அறுத்துக்கொள்ளவில்லை என்பதற்கு ஒரு சாட்சி உண்டு. புதிய கட்சிக்கு அவர்கள் தலைவர் என்று எவரையும் தேர்ந்தெடுக்கவில்லை. அந்த நாற்காலி பெரியாருக்கு உரியது என்று சொல்லி அதைக் காலியாகவே வைத்தார்கள். கட்சியின் தலையாய பொறுப்பை ஏற்ற அண்ணாதுரை பொதுச் செயலாளர் என்ற பெயரோடு நின்றுகொண்டார். கட்சி தோன்றிய நாளாக அவர்கள் கொண்டாடுவதும் பெரியார் பிறந்த செப்டம்பர் 17ஐத்தான். மறுபுறத்தில் பெரியாருடைய கோபமோ சாமானியமானதன்று. பிரிவுத் துயரால் கண்ணீர் விட்டதாக எழுதியவர்களைக் ‘கண்ணீர்த்துளிகள்’ என்றே பெயரிட்டு ஆண்டுக்கணக்காக ஏசினார். தேர்தல் வந்தபோதெல்லாம் எதிர்த்தார். காமராசரை ஆதரித்து 1967ஆம் ஆண்டுத் தேர்தலிலும் அவர்களுக்கு எதிராகவே ஊர் ஊராய்ப் பிரசாரம் செய்தார்.

அந்தத் தேர்தலில் தி.மு. கழகம் வென்றது. பதினெட்டு ஆண்டுக்காலம் தம்மை ஏசியவரைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுவதற்கு அதைவிடச் சிறந்த சந்தர்ப்பம் ஒருவனுக்கு வாய்க்காது. அண்ணாதுரையோ மார்ச் 6ஆம் நாள் பதவி ஏற்பதற்கு முன்பே, தம் சகாக்கள் சிலருடன் திருச்சிக்குப் பயணம் செய்து, பெரியாரைத் தேடிப் போய்ப் பார்த்தார். தம் அமைச்சரவையே பெரியாருக்குக் காணிக்கை என்று பின்னர்ச் சொன்னார். அந்தச் சந்திப்பில் தமக்குக் கூச்சமாகிவிட்டது என்று பெரியாரே பிற்பாடு வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். 1949இல் நியாயம் யார் பக்கம் இருந்தது என்ற வழக்கு அன்று தீர்ப்பாகவில்லை. இன்றளவும் இரு தரப்பு அன்பர்களும் அதை வாதிட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். தீர்ப்புக்குக் காத்திராமலே உறவு கூடிற்று என்பதில்தான் அந்தச் சந்திப்பின் மகத்துவம் அடங்கியிருக்கிறது.

இதில் கவனிக்கத்தக்க நுட்பம் ஒன்று உண்டு. தோற்றவர் வென்றவரைத் தேடிப்போனால் அதற்குச் சரணாகதி என்று பெயர் வைத்துவிடுவார்கள். வென்றவர் போனாலோ அதைத் தடுக்க எவராலும் இயலாது. அதில் எவருக்கும் கௌரவக் குறைவும் இல்லை. குடும்பங்களில் முதுமையடைந்த பெற்றோருக்கும் வளர்ந்துவிட்ட பிள்ளைகளுக்கும் இடையில் பலம் யார் கையில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். சம்பாதிக்கிறவன் மகன்; வீடு அவன் பெயரில்; ஊர்ப் பஞ்சாயத்தில் அவன் பேச்சுக்கு மதிப்பு. ஆகவே முதலில் போக வேண்டியவனும் அவனே. ‘அவங்க பெரியவங்க, அவங்களே வரட்டும்’ என்று காத்திருக்கிற பிள்ளைகள், வயதில் பெரியவர் நிலைமையில் சிறியவராகிவிட்டார் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். திருச்சிச் சந்திப்புக்குப் பின் அண்ணாதுரை இரண்டு ஆண்டுகூட உயிரோடு இருக்கவில்லை. 1969 பிப்ரவரி 3ஆம் நாள் புற்றுநோய்க்கு இரையாகி, தம் தலைவருக்கு முன்பே மறைந்தார். பிரிவுக்குப் பதினெட்டு ஆண்டு. கூடுகைக்கு இரண்டு ஆண்டுக்கும் குறைவு. முதியவர்தான் முந்திப் போவார், அதற்குள் ஒருநாள் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள் இந்த ஆண்டுகளை எண்ணிப் பார்க்க வேண்டும். பெரியார் 1973 டிசம்பர் 24 வரை வாழ்ந்தார். அதற்கு முந்திய ஆண்டு, வாழ்நாள் முழுதும் கொள்கையில் எதிர்த்து நின்ற தம் நண்பர் ராஜாஜியின் தகனத்துக்குத் தொண்ணூற்று மூன்று வயதில் சக்கர நாற்காலியில் வந்து, வாய்விட்டு அழுதார். பெரியாருக்குப் பின் அவருடைய இயக்கத்தைத் தாங்கி நடத்தியவர், எந்தக் கல்யாணத்தை ஒட்டிக் கழகம் பிளந்ததோ அந்தக் கல்யாணத்தின் மணமகளான மணியம்மையாரே. 1978இல் தாம் மறையும்வரை அந்தப் பொறுப்பை அவர் விடவில்லை.

பங்கும் பத்திரமும்

பிள்ளைகளின் கோபத்தில் பாசம் பாதியென்றால் பயம் பாதி. அந்தப் பயம் சொத்தைப் பற்றியது. காசிமேட்டில் சொத்து என்பது பெரும்பாலும் ஒரு சிறிய வீடும், படகில் ஒரு பங்கும், கொஞ்சம் நகையுமாகவே இருக்கும். கொஞ்சமாக இருப்பதனால்தான் அச்சமும் அதிகமாக இருக்கிறது. அந்த அச்சத்தை அற்பம் என்று ஒதுக்குவது நியாயமாகாது. சட்டம் என்ன சொல்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு அதைத் தீர்ப்பதே விவேகம்.

இந்து வாரிசுரிமைச் சட்டத்தின்படி, உயில் எழுதாமல் இறந்துபோகிற ஒருவருடைய சொந்த சொத்தில் மனைவிக்கும் மகன்களுக்கும் மகள்களுக்கும் தாய்க்கும் சமபங்கு உண்டு. இரண்டு பிள்ளைகள் மட்டும் இருக்கிற வீட்டில், புதிதாக வந்த மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு சேரும் என்பது இதன் பொருள். தாம் சம்பாதித்த சொத்தை உயில் மூலம் விரும்பியவாறு பகிர்ந்து வைக்கவும் அவருக்குப் பூரண உரிமை இருக்கிறது. கணவனிடமிருந்து சொத்தைப் பெற்ற விதவை மறுமணம் செய்துகொண்டால் அதை இழந்துவிடுவாள் என்று இன்றும் பலர் நம்புகிறார்கள். அது 1856ஆம் ஆண்டு விதவை மறுமணச் சட்டத்தின் காலத்து நியாயம். 1956க்குப் பின் அவ்வாறு அவளுக்கு வந்துசேர்ந்த சொத்து அவளுக்கே முழு உடைமை. கிறிஸ்தவர்களுக்கு வேறொரு விதி உண்டு: இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின்படி, ஒருவர் மணம் செய்துகொண்டால் அதற்குமுன் எழுதிய உயில் தானாகவே ரத்தாகிவிடும். ஆகையால் மறுமணத்திற்குப் பிறகு அவர்கள் புதிதாக உயில் எழுதியாக வேண்டும். இதை அறியாமல் பிள்ளைகளுக்கு எழுதி வைத்த பத்திரம் பெட்டியில் இருக்கிறது என்று நம்பியிருந்தவர்கள், பின்னால் வழக்காடும்படி நேரும்.

அரசாங்கக் குடும்ப ஓய்வூதியம் பெறும் விதவைக்கு, மறுமணம் செய்துகொண்டால் அது பொதுவாக நின்றுபோகும் என்பதும் நினைவில் இருக்க வேண்டும். இதன் காரணமாகவே பதிவு செய்யாமல் சேர்ந்து வாழ்கிற முதியோரும் உண்டு. அவர்களைக் குறைகூறுவதற்கு முன், மாதம் வரும் சில ஆயிரம் ரூபாயை நம்பி மருந்து வாங்குகிற ஒருத்தியின் நிலைமையை எண்ணிப்பார்ப்பது நல்லது.

மணம் செய்துகொள்ள விரும்புகிறவர்களுக்கு வழி எளிதாகவே இருக்கிறது. உறவினரோ நண்பரோ பிறரோ முன்னிலையில், தமக்குத் தெரிந்த மொழியில் ஒருவரையொருவர் கணவனாகவும் மனைவியாகவும் ஏற்பதாகச் சொல்லி, மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டாலும், தாலி கட்டினாலும் போதும் என்று இந்துத் திருமணச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 7ஏ பிரிவு கூறுகிறது. சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட அந்தஸ்து அளித்த அந்தத் திருத்தம், 1967இல், திருச்சிக்குப் போய்வந்த அதே அண்ணாதுரையின் ஆட்சி நிறைவேற்றியது. ஒரு குடும்பம் மீண்டும் கூடியதன் நற்பயன் அக்குடும்பத்தாருக்கு மட்டும் உரியதன்று என்பதற்கு இது தக்க உதாரணம். இன்று அடக்கமாக, செலவில்லாமல், புரோகிதரை வேண்டாமல் மாலை மாற்றிக்கொள்கிற அறுபது வயது மணமக்கள் அந்தச் சட்டத்தின் நிழலில்தான் நிற்கிறார்கள்.

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007இல் இயற்றப்பட்டது. அதில் பெற்றோர் என்ற சொல், மாற்றாந் தாயையும் மாற்றாந் தந்தையையும் சேர்த்தே குறிக்கிறது. முதியவர் கொடுத்த மனுவை விசாரிக்கத் தொடங்குமுன் அதை ஒரு சமரச அதிகாரியிடம் அனுப்பி, ஒரு மாதத்துக்குள் இணக்கத்துக்கு முயன்று பார்க்கச் செய்யவும் அச்சட்டம் இடமளிக்கிறது. நீதிமன்றத்தின் வாசலிலும் சமாதானத்துக்கு ஒரு திண்ணை கட்டி வைத்திருக்கிறார்கள் என்பது ஆறுதலான செய்தி.

முதலில் போகிறவர் யார்?

துணையைத் தேடிக்கொள்ளும் முதியவர்களுக்கு மூன்று கடமைகள் உண்டு. செய்தியைப் பிள்ளைகள் டீக்கடையில் கேள்விப்படும்படி விடாமல், தம் வாயாலேயே, மற்றெவருக்கும் முன்பாக, அவர்களிடம் சொல்லிவிட வேண்டும். அனுமதி கேட்க வேண்டியதில்லை; ஆனால் அறிவிப்பது அவசியம். 1949இல் அதிகமாக உறுத்தியது, தம்மைக் கலந்துகொள்ளாமல் முடிவெடுத்தார் என்ற எண்ணமே என்பதை மறக்கலாகாது. அடுத்து, வீடு யாருக்கு, படகுப் பங்கு யாருக்கு, வாழ்நாள் வரையில் யார் எங்கே குடியிருப்பது என்பவற்றை எழுத்தில் வைத்துவிட வேண்டும். அவ்வாறு எழுதிய வீட்டில் சந்தேகத்துக்கு வேலை இராது. மூன்றாவதாக, மறைந்தவருடைய படத்தைச் சுவரிலிருந்து இறக்கக் கூடாது. நவம்பர் 2ஆம் நாள் கல்லறைத் திருநாளில் காசிமேடு கல்லறைத் தோட்டத்துக்குப் பூவும் மெழுகுவத்தியுமாகச் செல்கிற குடும்பங்களில், புதிதாக வந்த துணையும் உடன்போய் அந்தக் கல்லறையைக் கழுவிப் பூப்போடுவாரானால், ஆயிரம் சமாதான வார்த்தைகள் செய்யாததை அந்தச் சிறிய காரியம் செய்துவிடும். இந்துக் குடும்பங்களில் திதி கொடுக்கும் நாளுக்கும் இது பொருந்தும்.

பிள்ளைகளுக்குரிய கடமைகள் இவற்றிலும் எளியவை; ஆயினும் மனத்துக்குக் கடினமானவை. வந்தவரை அம்மா என்றோ அப்பா என்றோ அழைக்கும்படி எவரும் எவரையும் வற்புறுத்த வேண்டியதில்லை. சித்தி, அத்தை, மாமா என்று நம் பாஷையில் மரியாதைக்குக் குறைவில்லாத முறைப்பெயர்கள் நிரம்ப இருக்கின்றன. ‘ஏன் இப்டிப் பண்ண?’ என்ற கேள்வியை ஒத்திவைத்துவிட்டு, ‘உடம்பு எப்டி இருக்குது?’ என்ற கேள்வியோடு போக வேண்டும். போவதற்கு ஒரு காரணம் வேண்டுமென்றால் காரணத்துக்குப் பஞ்சமில்லை: பேரனுக்குக் காது குத்து, வீட்டில் பொங்கல், கிறிஸ்துமஸ், அல்லது கடலில் கிடைத்த நல்ல கொடுவா ஒன்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை அறுபத்தொரு நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாமல் கரையில் நிற்கிற தடைக்காலம், கடற்கரை ஊர்களில் மனிதர்கள் வீட்டில் தங்குகிற காலம். கல்யாணமும் காதுகுத்தும் பழைய வழக்கைத் தீர்க்கும் பஞ்சாயத்தும் அப்போதுதான் நடக்கின்றன. பிரிந்த உறவைத் தேடிப்போவதற்கும் அதைவிட வசதியான பருவம் வேறில்லை.

எல்லா முறிவும் கூடத்தான் வேண்டும் என்று நாம் சொல்லவரவில்லை. அடித்தும் குடித்தும் குடும்பத்தைக் கைவிட்டும் போன தகப்பனை, வயதாகிவிட்டது என்ற ஒரே காரணத்துக்காக மன்னித்தே ஆக வேண்டும் என்று பிள்ளைகளை நிர்ப்பந்திக்க எவருக்கும் அதிகாரமில்லை. அவர்கள் பட்டது அவர்களுக்கே தெரியும். அத்தகைய கொடுமை எதுவும் இல்லாமல், ஊர் என்ன சொல்லுமோ என்ற கூச்சத்தாலும், பங்கு குறையுமோ என்ற பயத்தாலும், யார் முதலில் பேசுவது என்ற வீம்பாலும் ஆண்டுக்கணக்கில் அடைபட்டுக் கிடக்கிற கதவுகளைப் பற்றியே இங்கே பேசுகிறோம். அத்தகைய கதவுகளே நம் தெருக்களில் அதிகம்.

நியாயம் பேசித் தீர்த்த பின் போகலாம் என்று இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நியாயம் பேசித் தீர்ந்த குடும்பம் உலகத்தில் மிகச் சிலவே. போய்ப் பார்த்துப் பார்த்துப் பழகியதால் நியாயமே தேவைப்படாமற் போன குடும்பங்கள் எண்ணிறந்தவை. ஒரு பெரிய இயக்கம் தன் கோபத்தின் உச்சியில்கூடத் தலைவருக்குரிய இடத்தை வேறொருவருக்குக் கொடுக்காமல் வைத்திருந்தது. வெற்றி கிடைத்த நாளில் அதன் தலைமகன் தானே எழுந்து போனார். நம் வீட்டில் தாய்க்கோ தகப்பனுக்கோ உரிய இடத்தையும் அவ்வாறே வைத்திருப்போம். அவர்கள் தேர்ந்துகொண்ட துணைக்கும் பக்கத்தில் ஓர் இடம் போடுவோம். கையில் பலம் உள்ளவர்கள் முதலில் புறப்படுவோம். இந்த ஞாயிற்றுக்கிழமையே புறப்படுவோம்.